1.2 என்றால் நார்மலா?

பாடியில் லேத் ஓட்டும் முப்பது வயது இளைஞர் ஒருவரும், ஆவடியில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் அறுபது வயது அம்மா ஒருவரும் ஒரே காலையில் ரத்தம் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் வரும் இரண்டு ரிப்போர்ட்டிலும் கிரியேட்டினின் 1.2. பல லேப்கள் பக்கத்தில் அச்சடிக்கும் அளவின்படி அது நார்மலின் மேல் ஓரம். தடித்த எழுத்து கிடையாது, நட்சத்திரக் குறி கிடையாது. இருவரும் கவரை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள்.

அந்த இளைஞர் போகலாம். அந்த அம்மா போகக் கூடாது.

கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகமுள்ள உடம்பில் அது அதிகம் உற்பத்தியாகும். வயதான, மெலிந்த உடம்பில் குறைவாகத்தான் உற்பத்தியாகும். குறைவாக உற்பத்தியாகியும் ரத்தத்தில் 1.2 தேங்கி நிற்கிறது என்றால் வடிகட்டும் இடத்தில் ஏதோ தாமதம். அதனால்தான் வயதையும் பாலினத்தையும் சேர்த்து ‘இ.ஜி.எஃப்.ஆர்.’ என்ற ஒரு கணக்குப் போடுகிறார்கள். மருத்துவர்கள் இப்போது பயன்படுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டால் இளைஞருக்கு 83 வருகிறது, அம்மாவுக்கு 52. இந்த எண் 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். 52 என்பது மூன்றாம் நிலையின் முதல் பாதி. காலில் வீக்கம் இருக்காது, மூச்சு வாங்காது, சிறுநீர் வழக்கம்போலப் போகும். அவருக்குச் சொல்ல அந்த 52-ஐ விட்டால் வேறு எதுவும் இல்லை.

இதற்கு நேரெதிரும் உண்டு. பத்து வருடமாகச் சர்க்கரை உள்ள ஒருவருக்கு இ.ஜி.எஃப்.ஆர். 95 இருக்கும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிந்துகொண்டிருக்கும். அவருக்கு இருப்பதும் நாள்பட்ட சிறுநீரக நோய்தான், முதல் நிலை. ரத்தப் பரிசோதனை மட்டும் பார்த்தால் இவர் தப்பிவிடுவார். சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும். ‘மாஸ்டர் செக்கப்’ என்று நீளமான பட்டியல் போடும் பேக்கேஜ்கள் பலவற்றில் இந்தச் சிறுநீர்ப் பரிசோதனை இருப்பதில்லை. வைட்டமின் அளவுகளெல்லாம் இருக்கும்!

சென்னையின் மேற்குப் புறநகருக்கும் சிறுநீரகத்துக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு, பெருமைப்படத்தக்கதல்ல. பாடியை ஒட்டியிருக்கும் வில்லிவாக்கத்தை எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் ‘கிட்னிவாக்கம்’ என்றே அழைத்தார்கள். அத்தனை ஏழைகள் அங்கே வயிற்றில் தழும்போடு இருந்தார்கள். 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. ஆனால் சிறுநீரகம் என்றதும் நம் மக்களுக்கு இன்றும் நினைவுக்கு வருவது டயாலிசிஸ், மாற்று அறுவை, விற்பனை என்ற மூன்றுதான். எல்லாமே கதையின் கடைசி அத்தியாயம். அதற்கு முன்னால் பத்து, இருபது வருடம் சத்தமில்லாமல் ஓடுகிறதே, அந்தக் காலத்தை எப்படி வாழ்வது என்று யாரும் பேசுவதில்லை. செலவு மிகக் குறைவாகவும் பலன் மிக அதிகமாகவும் இருப்பது அந்த வருடங்களில்தான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965-இல். அந்த வேலைகளை நம்பி இந்தப் பக்கம் குடியேறிய தலைமுறை ஓய்வுபெற்றுவிட்டது. பலருக்கும் சர்க்கரையோ பி.பி.யோ, சிலருக்கு இரண்டுமோ இருக்கிறது. நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு முதல் இரண்டு காரணங்கள் இவைதாம். பிள்ளைகள் ஷிஃப்ட் வேலையில் இருக்கிறார்கள். ஃபோர்ஜிங், ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகளில் எட்டு மணி நேரம் சூட்டில் நிற்பவர்களும் உண்டு. சூடு ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்ற கவலை சும்மா கிளம்பியதல்ல. பூந்தமல்லி சாலையில் போரூரில் இருக்கும் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் விவசாயத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு நோய் இருந்தது, அவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, பி.பி. போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. பட்டறைத் தொழிலாளர்களையும் இப்படி ஒருமுறை வரிசையாக நிறுத்திப் பார்க்க வேண்டும். கழிப்பறை வசதி சரியில்லை என்பதற்காகவே ஷிஃப்ட் முடியும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை முதலில் பார்க்க வேண்டும்.

சரி, நோய் இருக்கிறது என்று தெரிந்த பிறகு? முதலில் வருவது பீதி. “கிட்னி ஃபெயிலியராம்” என்று சொந்தக்காரர்களுக்குப் போன் போகும். ஆரம்ப நிலை என்பது ஃபெயிலியர் அல்ல. மூன்றாம் நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் டயாலிசிஸ் வரை போவதே இல்லை. அவர்களை அதிகம் மிரட்டுவது மாரடைப்பும் பக்கவாதமும்தான். பி.பி., கொழுப்பு, புகைப்பழக்கம் மூன்றையும் மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்பது அதனால்தான்.

பீதிக்கு அடுத்து வருவது ‘கிரியேட்டினினைக் குறைப்பது’. இதுதான் பெரிய பொறி. தழும்பாகிப்போன வடிகட்டிகள் திரும்ப முளைப்பதில்லை. மிச்சமிருப்பதைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சையின் வேலை. நாற்பது வயதுக்கு மேல் எல்லோருக்குமே இ.ஜி.எஃப்.ஆர். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும். ஆண்டுக்கு ஐந்துக்கு மேல் இறங்கினால் வேகமான சரிவு. ஆக, ஒரு ரிப்போர்ட்டை வைத்து அழவும் முடியாது, ஆறுதல் அடையவும் முடியாது. மூன்று, நான்கு வருட ரிப்போர்ட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்க்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போடும் வீடுகளில் இந்தக் கணக்கு நடக்காது.

குறைத்துக் காட்டுகிறேன் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் நுழைகிறார்கள். மருத்துவர்கள் சிலர் 2022-இல் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். சிறுநீரில் புரதம் கொட்டும் ஒருவகை நோயோடு வந்தவர்களில் பலர் பாரம்பரிய மருந்து சாப்பிட்டவர்கள்; அந்த மருந்துகளில் பாதரசம் இருந்தது; மருந்தை நிறுத்தியதும் பலருக்குக் கசிவு குறைந்தது. கேரளத்தின் மலப்புரம் பகுதியில் அதே வகை நோயை முகம் வெளுக்கும் கிரீம் கொண்டுவந்தது. சித்த மருத்துவம் முழுவதையும் குற்றம் சொல்ல இது போதாது, நான் சொல்லவும் இல்லை. என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் எழுதாத பஸ்பத்தையும் லேகியத்தையும் பாதிச் சிறுநீரகத்தோடு இருப்பவர் வாயில் போடக் கூடாது. அவ்வளவுதான்.

ஆனால் இதைவிட அன்றாடமான ஆபத்து மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது. “உடம்பு வலி, ரெண்டு மாத்திரை குடுங்க” என்றால் கை நீளும் இடத்தில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபென் வகைகள் வரும். நாள் முழுக்க வியர்த்து, தண்ணீர் குறைந்து வந்த உடம்பில், அதுவும் பி.பி. மாத்திரையோடு சேர்ந்தால், சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியையே அவை குறுக்கிவிடும். ஒருநாள் சாப்பிட்டதால் குடிமுழுகாது. மூட்டுவலிக்கு வருடக்கணக்கில் சாப்பிடுவதுதான் கெடுக்கிறது. வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துக் கடைக்காரரிடம் “எனக்குக் கிட்னி பிரச்சினை இருக்கு” என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் வீடுகள் கண்டிப்பு காட்டும் இடம் ஒன்று, காட்ட வேண்டிய இடம் வேறு. இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, பருப்பு கூடாது, காய்கறியை இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைக்க வேண்டும் என்று அடுப்படியில் தனிச் சட்டம் போடுவார்கள். பொட்டாசியம் ஏறியவர்களுக்கு உரிய விதிகள் அவை. ரத்தத்தில் பொட்டாசியம் சரியாக இருக்கும் ஆரம்ப நிலைக்காரருக்குப் பழத்தை நிறுத்த வேண்டியதில்லை. புரதம், உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பொதுவான கணக்கு. நம் சாம்பார் சாத வாழ்க்கையில் பலர் அதைத் தாண்டுவதே இல்லை. தாண்டுவது ஜிம்மில் புரோட்டீன் பவுடர் கலக்கும் பையன்கள்தான்.

விட்டுவிடுவது உப்பை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், அதுவே உச்சவரம்பு. நாலு பேர் குடும்பத்துக்கு நாளைக்கு இருபது கிராம். அந்தக் கணக்கில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், கேன்டீன் குழம்பு, சாலையோர ஃப்ரைடு ரைஸ் இதில் சேரவில்லை. இன்னொன்று: ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். இந்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. நாளைக்கு நாலு லிட்டர் குடித்தால் கிட்னி கழுவிவிட்டதுபோல் ஆகும் என்பது வாட்ஸ்அப் வைத்தியம். கனடாவில் மூன்றாம் நிலை நோயாளிகள் 631 பேரைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், கூடுதலாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னதால் சரிவு குறையவில்லை. வியர்க்கும் வேலை என்றால் இழந்ததை ஈடுசெய்யுங்கள். மற்றவர்களுக்குத் தாகம் போதும்.

மருந்து விஷயத்தில் நிலைமை முன்னைவிட நன்றாக இருக்கிறது. எனலாப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் போன்றவை பி.பி.யோடு புரதக் கசிவையும் குறைக்கும். தொடங்கிய சில வாரத்தில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். முப்பது சதவீதத்துக்குள் என்றால் மருத்துவர்கள் பதறுவதில்லை, நோயாளிதான் பதறி மாத்திரையை நிறுத்திவிடுவார். வாந்தி, பேதி என்றால் மட்டும் இவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று உடனே கேட்க வேண்டும். சர்க்கரைக்கு வந்த டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் உதவுகிறது என்று 2020-இல் தெரிந்தது. செயல்பாடு பாதியாகச் சரிவது, டயாலிசிஸ், சிறுநீரகத்தாலோ இதயத்தாலோ வரும் மரணம் ஆகியவை சேர்ந்த ஆபத்து 39 சதவீதம் குறைந்தது. அதன் முதல் காப்புரிமை இந்தியாவில் அதே ஆண்டு முடிந்தது. அதே வகையைச் சேர்ந்த எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில் முடிந்து விலை மளமளவென்று இறங்கியது. மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று நிறுத்துபவர்கள் கவனிக்க: இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே போனால்தான் அதை நிறுத்துவார்கள், 45-க்குக் கீழே அளவைக் குறைப்பார்கள்.

இவ்வளவும் வசதிக்காரர் சமாச்சாரம் என்று நினைத்தால், நம் பக்கத்திலேயே மறுப்பு இருக்கிறது. 1991-இல் பத்மபூஷண் பெற்ற சென்னைச் சிறுநீரக மருத்துவர் எம்.கே.மணியின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்கு வெளியே உள்ள கிராமங்களில் 25,000 பேரிடம் வேலை செய்தது. அந்தந்த ஊர்க்காரர்களுக்கே கொஞ்சம் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். பி.பி. பார்த்தார்கள், சிறுநீரில் சர்க்கரையும் அல்புமினும் பார்த்தார்கள். கொடுத்தவை அந்தக் காலத்தின் மிக மலிவான மாத்திரைகள். பி.பி. இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது கட்டுப்பட்டது. மக்கள்தொகையில் தலைக்கு ஆண்டுக்கு ஆன செலவு கால் டாலரை ஒட்டித்தான். டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், ஆயுள் முழுக்க.

அரசின் கைக்கும் இந்த வழி எட்டாததல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் பட்டறைத் தொழிலாளர்களுக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை உண்டு, அயனாவரத்தில் ஆஸ்பத்திரி உண்டு. மாத்திரை தரும் கை, வருடத்துக்கு ஒருமுறை சிறுநீர்க் குப்பியையும் நீட்ட வேண்டும். அது நடக்காத இடங்களில் நாமே கேட்டு வாங்க வேண்டியதுதான்.

சர்க்கரையோ பி.பி.யோ உள்ளவரா, வீட்டில் யாருக்காவது சிறுநீரக நோய் இருந்ததா, வருடக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்டவரா? அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: “என் இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு? யூரின்ல அல்புமின் பார்த்தாச்சா?” பதிலைத் தேதி போட்டு எழுதி, ரிப்போர்ட்டோடு ஒரே ஃபைலில் வையுங்கள்.