வீட்டுப் பின்புறத்தில் வளரும் நஞ்சு

நச்சுச் செடி என்றதும் நம்மில் பலர் அடர்ந்த காட்டையே நினைக்கின்றனர். காட்டிற்குள் செல்லாதவனுக்கு அச்சமில்லை என்றும் எண்ணுகின்றனர். ஆனால், தோட்டப்புறங்களில் தீங்கு செய்யக்கூடிய செடிகள் பலவும் நாமே நட்டு வளர்த்தவை. வேலியோரத்தில் காட்டாமணக்கு, கோயில் வாசலில் அரளி, லயத்தின் பின்புறம் மரவள்ளி, அதற்கப்பால் நம் முன்னோர்க்கு வாழ்வளித்த ரப்பர் மரம்.

முதலில் மரவள்ளிக் கிழங்கை எடுத்துக்கொள்வோம். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில், அரிசி கிடைக்காத காலத்தில் பல குடும்பங்களின் பசியைத் தணித்தது இக்கிழங்கே. அதனைப் பழித்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அதன் கிழங்கிலும் தோலிலும் இலையிலும் லினமரின் என்னும் பொருள் அடங்கியுள்ளது. கிழங்கை வெட்டும்போதோ மெல்லும்போதோ அதிலுள்ள நொதி ஒன்று இப்பொருளைச் சிதைக்க, ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சு வெளிப்படுகிறது. இந்நஞ்சு மிகுதியாக உடலிற் சேர்ந்தால், இரத்தத்தில் பிராணவாயு இருந்தும் உயிரணுக்கள் அதனைப் பயன்படுத்த இயலாமற் போகும். தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி, மூச்சிரைப்பு ஆகியவை தோன்றும். அளவு மிகுந்தால் வலிப்பும் மயக்கமும் ஏற்பட்டு, மரணமும் நேரலாம். எடை குறைந்த குழந்தைகளுக்குச் சிறிதளவே போதும்.

மரவள்ளியில் இனிப்பு வகை, கசப்பு வகை என இரண்டுண்டு. ஒரு கிலோகிராம் பச்சைக் கிழங்கில் உருவாகும் சயனைடு 50 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால், அதனை இனிப்பு வகையெனப் பன்னாட்டு உணவுத் தர விதிகள் கொள்கின்றன. கசப்பு வகையில் இது பன்மடங்கு மிகுந்திருக்கும். மழை பொய்த்து வறட்சி நீடித்தால் நஞ்சின் அளவு மேலும் கூடும். ஆகவே, சென்ற ஆண்டு உண்டபோது ஒன்றும் நேரவில்லையே என்று இவ்வாண்டு அலட்சியமாக இருத்தலாகாது.

இக்கிழங்கைச் சமைக்கும் முறையிலேதான் பாதுகாப்பு இருக்கிறது. தோலை உள்தோலுடன் சேர்த்து அறவே நீக்கவேண்டும். சிறு துண்டுகளாக அரிந்து, நீரில் ஊறவைத்துக் கழுவி, பிறகு நிறைய நீர் ஊற்றிப் பாத்திரத்தை மூடாமல் நன்கு வேகவைக்கவேண்டும். லினமரின் நீரிற் கரையும், சயனைடோ ஆவியாக எளிதில் வெளியேறும். இதனாற்றான் மூடி கூடாது என்கிறோம். வெந்த நீரைக் கொட்டிவிடுக. அந்நீரையும் வீணாக்காமல் குழம்பிற் சேர்க்கும் சிக்கனம் நம் தாய்மார் சிலரிடம் உண்டு. மற்ற இடங்களில் போற்றத்தக்க அச்சிக்கனம் இங்கு மட்டும் வேண்டாம். இளந்தளிரைக் கீரையாகச் சமைப்போரும் அதனை இடித்து, வேகவைத்து, நீரை வடித்துவிடவேண்டும். கசப்பு வகைக் கிழங்கிற்கு வேகவைத்தல் மட்டும் போதாது. அதனைத் துருவி, நாட்கணக்கில் ஊறவைத்து, பிழிந்து உலர்த்தும் முறை தெரியாதவர்கள் அதனை விலக்குவதே நன்று.

ரப்பர் விதையிலும் இதே லினமரின் உண்டு என்பதைப் பலர் அறியார். நான் தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்த காலத்தில், விதை வெடிக்கும் பருவம் வந்துவிட்டால் மாணவர்களின் காற்சட்டைப் பைகள் கனத்துவிடும். சிமெண்டுத் தரையில் விதையைத் தேய்த்துச் சூடேற்றி, பக்கத்திலிருப்பவன் கையில் வைப்பது அவர்களுக்கு இன்பமான விளையாட்டு. விளையாடுவதில் கேடில்லை. ஓட்டை உடைத்துப் பருப்பைப் பச்சையாகத் தின்பதே கேடு. பகாங் மாநிலத்தில் மலாய் மக்கள் இப்பருப்பை வேகவைத்துப் புளிக்கவைத்து ‘அசாம் ரோங்’ என்னும் சமையற் பொருளாக்குகின்றனர். பக்குவம் அறிந்த கைகளுக்கு அது உணவு, அறியாத சிறுவனுக்கு நஞ்சு.

பக்குவப்படுத்தினாலும் உணவாகாத செடிகளும் உண்டு. அரளியின் எல்லாப் பாகங்களும், குறிப்பாக மஞ்சள் அரளியின் விதை, இதயத் துடிப்பைச் சீர்குலைக்கும். காய்ந்தாலும் கொதித்தாலும் அந்நஞ்சு அகலாது. அரளிப் பூவால் மாலை கட்டியவர்கள் கையைக் கழுவியபின் உணவைத் தொடுக. காட்டாமணக்கு விதை சுவையாக இருப்பதால் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றுவிடுகின்றனர். கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகி உடலின் நீர் வற்றிவிடும். குன்றிமணியை ஊசியால் துளைத்து மாலை கோக்கும் பழக்கமும் ஆபத்தானது. அதன் கடின ஓடு உடையாமல் விழுங்கப்பட்டால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். துளைத்த மணியோ மென்ற மணியோ உயிருக்கே உலை வைக்கலாம்.

குழந்தை இவற்றுள் எதையேனும் தின்றதாக ஐயம் எழுந்தால், வாயில் எஞ்சியிருப்பதைத் துடைத்தெடுங்கள். உப்பு நீரோ புளிக்கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நோயின் அறிகுறி தோன்றட்டும் என்று காத்திராமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வாகன வசதி இல்லையெனில் 999 என்ற எண்ணை அழையுங்கள். தின்ற விதையையோ அச்செடியின் கிளை ஒன்றையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை விதை, எத்தனை மணிக்கு என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.