ஒலிப்பதிவில் நேரும் தடையும் அதனை நீக்கும் நெறியும்

சப்பிரகமுவ மாகாணத்துப் பெல்மதுளையைச் சூழ்ந்த இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் ஏட்டில் ஏறாது வாய்மொழியாகவே வழங்கி வந்தவை. மலையகத்தில் வழங்கிய இத்தகைய பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாக 1983இல் வெளியிட்டமையால் அவற்றுட் பலவற்றின் சொற்கள் நிலைபெற்றன. ஆயினும் பாடுவோர் குரலும் இசையும் அச்சில் அடங்கா. அவற்றைக் காப்பது ஒலிப்பதிவே. ஒலிவாங்கியும் மடிக்கணினியும் அவ்விரண்டையும் இணைக்கும் ஒலி இடைமுகமும் இருப்பின் இன்று லயத்துக் காம்பராவே பதிவுக்கூடமாகும். ஆனால், மூதாட்டி ஒருவர் பாடத் தொடங்கும் வேளையில் கருவி இயங்காதாயின் அப்பாட்டு மீண்டும் கிட்டாமற் போதலுங் கூடும்.

நோயையும் அதன் காரணத்தையும் தெளிந்த பின்னரே தீர்க்கும் வழியை நாடுக என்பது வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த நெறி. அது கருவிக்கும் பொருந்தும். ஒலியானது ஒலிவாங்கி, இடைமுகம், கம்பி, கணினி, மென்பொருள் என்னும் வரிசையிற் செல்கிறது. தடை எக்கண்ணியில் உள்ளது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

பேசும்போது இடைமுகத்தின் ஒலியளவு விளக்கு ஒளிருமாயின், ஒலி அதுவரை வந்துவிட்டது என்பது தெளிவு. ஒளிராவிடின் ஒலிப்பெருக்கத் திருகியை நோக்குக. கண்டென்சர் வகை ஒலிவாங்கியாயின் அதற்குரிய 48 வோல்ற்று மின்சாரத்தைத் தரும் பொத்தான் அழுத்தப்பட்டுள்ளதா எனவும் காண்க.

விளக்கு ஒளிர்ந்தும் கணினியின் பட்டியலில் இடைமுகத்தின் பெயர் தோன்றாவிடின் குறை இணைப்பிலோ இயக்கி மென்பொருளிலோ இருத்தல் கூடும். சில யூ.எஸ்.பி. கம்பிகள் மின்னேற்றத்திற்கு மட்டுமே உரியவை. தரவைக் கடத்தும் இழைகள் அவற்றில் இல்லை. யூ.எஸ்.பி. 2.0 துளை, விதிப்படி, 5 வோல்ற்றில் 500 மில்லி அம்பியர் மின்னோட்டமே தருவது. பல கருவிகள் அதனைப் பங்கிடின் மின்சாரம் போதாது. ஆதலின் இடைமுகத்தை மடிக்கணினியில் நேரே இணைத்தல் நன்று. யூ.எஸ்.பி. ஒலிக்கருவிகளின் இரண்டாம் தரத்திற்குரிய இயக்கி விண்டோசில் 2017ஆம் ஆண்டின் பதிப்பிலேயே இடம்பெற்றது. அதற்கு முந்திய கணினிகளில் உற்பத்தியாளர் தரும் இயக்கியை நிறுவுதல் இன்றியமையாதது.

பெயர் தோன்றியும் பதிவு நிகழாவிடின், பதிவு மென்பொருளில் அவ்விடைமுகமே தெரிவு செய்யப்பட்டுள்ளதா என்பதையும், ஒலிவாங்கியைப் பயன்படுத்தக் கணினி இசைவு அளித்துள்ளதா என்பதையும் ஆராய்க. நொடிக்கு 44,100 அல்லது 48,000 என்னும் மாதிரி வீதம் ஈரிடத்தும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒலி இடையிடையே அறுபடின் இடைச்சேமிப்பின் அளவைக் கூட்டுக. தாழ்ந்த இரைச்சல் தொடர்ந்து கேட்பின் மின்னேற்றியைக் கழற்றிப் பார்க்க. இரைச்சல் ஓயுமாயின் அது மின்வழியே வந்ததாகும்.

ஒரு வேளையில் ஒன்றனை மட்டுமே மாற்றுதல் இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை. இரண்டனை ஒருங்கே மாற்றினால் குறை நீங்கினும் காரணம் விளங்காது. அடுத்த முறையும் அதே இடரே எதிர்ப்படும். பாடுவோர் வந்தமர்வதற்கு முன்னரே ஒரு நிமிடம் பதிந்து, அதனைக் கேட்டும் பார்த்தல் தக்கது. கருவியைத் திருத்திப் பின்னும் முயலலாம். மறைந்த குரலை மீட்டல் ஒருவராலும் இயலாது.