வெயிலில் காயும் உப்பு: கார் கழுவுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

டெக்சஸில் ஜூலை மாத நண்பகலில் கறுப்பு கார் ஒன்றின் பானட்டில் தண்ணீர் அடித்துவிட்டு, ஷாம்பு வாளியை எடுத்து வந்து பாருங்கள். அதற்குள் பாதித் தண்ணீர் காய்ந்திருக்கும். காய்ந்த இடமெல்லாம் சின்னச் சின்ன வெள்ளை வளையங்கள். மறுபடி தண்ணீர் அடித்தால் மறைந்ததுபோல் தெரியும், காய்ந்ததும் திரும்ப வந்துவிடும். டெக்சஸின் பிளேனோவிலும் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலும் நியூ ஜெர்சியின் எடிசனிலும் இருக்கும் நம் மக்களில் பலருக்குக் கார் கழுவ நேரம் கிடைப்பதே சனி, ஞாயிறு பகலில்தான். கூரை போட்ட பார்க்கிங் இல்லாத அபார்ட்மெண்டில் நிழலுக்கு எங்கே போவது? அவர்களிடம் "வெயிலில் கழுவாதீர்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. கறை எதனால் வருகிறது என்று தெரிந்தால் வெயிலிலும் சமாளிக்கலாம். தெரியாவிட்டால் நிழலில் கழுவினாலும் கறை வரும்.

தண்ணீர்த் துளி பூதக்கண்ணாடிபோல வெயிலைக் குவித்துப் பெயின்ட்டைச் சுட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இதே நம்பிக்கை தோட்டக்காரர்களிடமும் உண்டு, மதிய வெயிலில் தண்ணீர் ஊற்றினால் இலை கருகும் என்பார்கள். ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வழவழப்பான இலையில் ஒட்டி உட்காரும் துளியால் இலை கருகவில்லை. வெயிலின் ஒளி குவிவது துளிக்குக் கீழே தள்ளித்தான், இலையின் மேல் அல்ல. காரின் பெயின்ட் இலையைவிட வழவழப்பானது. ஆகவே குற்றவாளி துளியின் வடிவம் அல்ல, துளிக்குள் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போக வழியில்லை. ஊரில் போர் தண்ணீர் பிடித்து வைத்த எவர்சில்வர் குடத்தின் உட்புறத்தில் படியுமே வெள்ளைப் பூச்சு, அதே சரக்குதான் இதுவும்.

வெயிலின் பங்கு வேகத்தில் இருக்கிறது. சூடான தகரத்தில் துளி துடைக்க அவகாசம் தராமல் காய்கிறது. காயக் காய அதிலுள்ள உப்பு செறிந்துகொண்டே போய், துளியின் விளிம்பில் வளையமாகப் படிகிறது. முதலில் அது பெயின்ட்டைக் காக்கும் நிறமற்ற மேற்பூச்சான கிளியர் கோட்டின் மேலே உட்கார்ந்திருக்கும் படிவு மட்டுமே, லேசான அமிலம் பட்டால் கரைந்துவிடும். பல நாள் வெயிலில் அப்படியே விட்டால் கிளியர் கோட்டைச் சிறு பள்ளமாக அரித்துவிடும். பிறகு எதைத் தடவினாலும் போகாது. பாலிஷ் போட்டு மேற்பரப்பை மெல்லிசாகத் தேய்த்து எடுப்பதுதான் ஒரே வழி, அதையும் எத்தனையோ தடவை செய்ய முடியாது, கிளியர் கோட்டே மிக மெல்லியது. வெள்ளை வளையத்தைப் பார்த்த வாரமே கவனிப்பவருக்குச் செலவு சில டாலரோடு முடிகிறது.

எனவே முதல் கேள்வி, உங்கள் குழாயில் வருவது என்ன தண்ணீர்? அமெரிக்க நிலவியல் ஆய்வகம் இந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை உள்ளதை மென்நீர் என்றும், 121இலிருந்து 180 வரை கடின நீர் என்றும், அதைத் தாண்டினால் மிகக் கடின நீர் என்றும் வகைப்படுத்துகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஹெட்ச் ஹெட்சி நீர்த்தேக்கத்திலிருந்து வரும் மலைத் தண்ணீர் மென்மையானது. அதே வளைகுடாப் பகுதியில் சான் ஹோசேயில் கிணற்று நீர் வரும் பேட்டைகளில் தண்ணீர் கடினம். டெக்சஸின் சான் அன்டோனியோ, எட்வர்ட்ஸ் அக்விஃபர் என்ற சுண்ணாம்புப் பாறை நிலத்தடி நீரை நம்பி வாழும் ஊர், அங்கே கடினத்தன்மை 250 மில்லிகிராமுக்கு மேல். ஒரு நண்பர் சான் ஃபிரான்சிஸ்கோவில் கையாளும் முறை சான் அன்டோனியோவில் பலிக்காமல் போவது இதனால்தான்.

இதைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தில் 1996இல் செய்த திருத்தத்தின்படி, ஊர்க் குடிநீர் வழங்கும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் தண்ணீரின் தர அறிக்கையை ஜூலை 1க்குள் வாடிக்கையாளருக்குக் கொடுத்தாக வேண்டும். கடினத்தன்மையைப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனாலும் பல நிறுவனங்கள் போடுகின்றன. இல்லாவிட்டால் தொலைபேசியில் கேட்டால் சொல்வார்கள். வாடகைக்கு இருப்பவருக்குத் தண்ணீர் பில் நேராக வராததால் அறிக்கையும் கைக்கு வருவதில்லை. ஊரின் பெயரையும் குடிநீர் நிறுவனத்தின் பெயரையும் போட்டுத் தேடினால் அவர்கள் தளத்திலேயே கிடைத்துவிடும்.

இனி வெயிலிலேயே கழுவும் முறை. ஓட்டி வந்த சூட்டோடு ஆரம்பிக்காதீர்கள். எஞ்சினும் பிரேக்கும் ஆறக் கால் மணி நேரமாவது விடுங்கள். புறங்கையைப் பானட்டில் வைத்துப் பாருங்கள், வைத்திருக்க முடியாவிட்டால் ஷாம்புவைத் தொட வேண்டாம், வெறும் தண்ணீரை மென்மையாக ஓடவிட்டுத் தகரத்தைக் குளிரச் செய்யுங்கள். பகலிலும் காருக்கு ஒரு நிழல் பக்கம் இருக்கும், அதில் தொடங்குங்கள். பிறகு வண்டியைத் திருப்பி நிறுத்தினால் அடுத்த பக்கம் நிழலுக்கு வந்துவிடும்.

முழுக் காருக்கும் நுரை போட்டுவிட்டு முதலிலிருந்து அலசுவது நிழலுக்கு ஏற்ற முறை. வெயிலில் ஒரு கதவை எடுத்துக்கொண்டால் அதில் நுரை போட்டு, அலசி, துடைத்து முடித்த பிறகே அடுத்த கதவுக்குப் போக வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். அலசும்போது ஹோஸின் முனையைக் கழற்றிவிட்டு, தண்ணீரைத் தாழ்வாக, ஒரே விரிப்பாக வழியவிட்டால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து தாமாகவே இறங்கிவிடும், மீதி நிற்பது கொஞ்சம்தான். கலிஃபோர்னியாவில் இப்படி முனை கழற்றுவதில் சட்டச் சிக்கல் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். துடைக்க, அடர்த்தியான மைக்ரோஃபைபர் துண்டு இரண்டு வேண்டும். முதல் துண்டைத் தேய்க்காமல் விரித்துப் போட்டு இழுங்கள். இரண்டாவது உலர்ந்த துண்டால் ஒற்றுங்கள். கண்ணாடி மடக்கு, கதவுக் கைப்பிடி, பின்விளக்கின் இடுக்கு ஆகிய மூன்றிலும் ஒளிந்திருக்கும் தண்ணீர் கார் நகர்ந்ததும் வழிந்து கோடு போடும். அங்கே துண்டின் நுனியைச் செருகி எடுத்துவிடுங்கள். கடின நீர் ஊரில் கடைசி அலசலுக்கு மட்டும் மளிகைக் கடையில் கேலன் கணக்கில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரைக் கைப் பம்ப்பில் ஊற்றி அடித்தால், துடைக்க மறந்த துளி காய்ந்தாலும் விட்டுச்செல்ல அதில் ஒன்றும் இருக்காது.

அபார்ட்மெண்ட்வாசிகளுக்கு நான் முழு மனதோடு பரிந்துரைப்பது அலசாத ஷாம்பு முறை. ஒரே வாளி, இரண்டு கேலன் தண்ணீர், ஒரு மூடி திரவம். நனைந்த துணியால் ஒரு பகுதியைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் முடித்துவிடலாம். காய நேரமே இல்லாததால் கறைக்கும் வாய்ப்பு இல்லை. சேறோ, நியூ ஜெர்சிக் குளிர்காலத்தின் சாலை உப்போ அப்பியிருந்தால் மட்டும் இது ஆகாது, கீறல் விழும். அதற்குக் காசு போட்டு நாமே கழுவும் கூரைக் கூடம் நல்லது. அங்கே "ஸ்பாட் ஃப்ரீ ரின்ஸ்" என்ற பொத்தானை அழுத்தினால் உப்பு நீக்கிய தண்ணீர் வரும். அதைக் கடைசியில் மறக்காமல் பயன்படுத்துங்கள்.

நாம் கழுவாமலே வரும் கறையும் உண்டு. விடியற்காலையில் புல்தரைக்கு ஓடும் ஸ்பிரிங்ளர், பக்கத்தில் நிற்கும் காரின் ஒரு பக்கத்தை நனைத்துவிட்டுப் போகும். வெயில் ஏறியதும் அது காயும். தினமும் இது நடந்தால் ஒரு கோடைக்குள் கதவின் பெயின்ட்டை அரித்துவிடும். வளைகுடாப் பகுதியில் சில இடங்களில் ஊதா நிறக் குழாயில் மறுசுழற்சி நீர் பாய்ச்சுகிறார்கள், அதில் உப்பு இன்னும் அதிகம். இடம் மாற்றி நிறுத்துவது முதல் வேலை. ஒதுக்கிய இடம் அதுதான் என்றால், படம் எடுத்து, தேதியோடு நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஸ்பிரிங்ளரின் தலையைத் திருப்பச் சொல்லுங்கள். வாயால் சொன்னதற்குப் பின்னால் சாட்சி இருக்காது. எழுதிச் சொன்ன பிறகும் அவர்கள் அசையாமல் இருந்தார்கள் என்பதே பிற்பாடு உங்கள் வாதத்தின் முதுகெலும்பு.

கறை விழுந்துவிட்டால், வெள்ளை வினிகரையும் டிஸ்டில்டு வாட்டரையும் சம அளவு கலந்து, ஆறிய தகரத்தில், நிழலில், துணியால் ஒற்றி ஒரு நிமிடம் வைத்திருந்து நன்றாக அலசுங்கள். மெழுகுப் பூச்சு இருந்தால் அதுவும் போய்விடும், மறுபடி போட வேண்டும். போகாத கறைக்குக் களிமண் கட்டிபோன்ற கிளே பார், அதற்கும் மசியாததற்குப் பாலிஷ். வினிகரோடு பிளீச்சைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. கறை நீக்கும் திரவங்களிலும் சக்கரம் கழுவும் திரவங்களிலும் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் அல்லது அமோனியம் பைஃப்ளோரைட் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் 2001 முதல் 2013 வரை வாகனம் கழுவும் வேலையில் இந்த அமிலத்தால் 48 தொழிலாளர்கள் காயமடைந்தார்கள், ஒருவர் இறந்தார். இந்த அமிலம் பட்ட உடனே வலிக்காமல் இருக்கலாம். தோலுக்குள் இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிணைத்துக்கொண்டு, இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது. சூடான தகரத்தில் ஊற்றினால் ஆவியும் கிளம்பும். புட்டியின் லேபிளில் இந்த இரண்டு பெயர்களில் ஒன்று இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் பேச்சே வேண்டாம். தெரியாமல் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே அவசர சிகிச்சைக்குக் கிளம்புங்கள், புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். நஞ்சு உதவி எண் 1-800-222-1222, நாடு முழுதும் எந்நேரமும் இலவசம்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதற்கும் சட்டம் உண்டு. தெருவோர மழைநீர் வடிகாலில் விழுவது பெரும்பாலான ஊர்களில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேராக ஓடைக்கும் வளைகுடாவுக்கும் போகிறது. சோப்பு நீர் மீனின் செவுளைக் கெடுக்கும், "இயற்கையில் மக்கும்" என்று எழுதிய சோப்பும் மக்குவதற்கு முன் கெடுதல்தான். 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தின் கீழான விதிகள், வீட்டுக்காரர் தன் காரைக் கழுவுவதைப் பொதுவாகத் தடுக்கவில்லை. ஆனால் கூலிக்கு வந்து கழுவிக்கொடுக்கும் மொபைல் டீடெய்லருக்கு அந்தச் சலுகை கிடையாது, அவர் தண்ணீரைச் சேகரித்து எடுத்துப்போக வேண்டும். வேலைக்கு அமர்த்துமுன் அதைக் கேட்டுவிடுங்கள். புல்தரை இருந்தால் அதன்மேல் நிறுத்திக் கழுவுவது நல்லது. அபார்ட்மெண்ட் என்றால் லீஸைப் படியுங்கள், வளாகத்தில் கார் கழுவக் கூடாது என்ற வரி பலவற்றில் இருக்கிறது.

வறட்சிக் காலத்தில் விதி மாறும். கலிஃபோர்னியா மாநில நீர் வாரியம் 2014 ஜூலையில், தானே மூடிக்கொள்ளும் முனை இல்லாத ஹோஸால் கார் கழுவுவதைத் தடை செய்து, நாளொன்றுக்கு 500 டாலர் வரை அபராதம் என்று அறிவித்தது. 2022இல் அதே தடையை மறுபடி கொண்டுவந்தது. பல ஊர்களில் அது நிரந்தர விதி. அங்கே கடைசி அலசலுக்கு முனையைக் கழற்ற வேண்டாம், மெல்லிய விரிப்பாகத் தண்ணீர் விடும் முனையை வாங்கிப் போடுங்கள். சான் அன்டோனியோவில் ஜே-17 என்ற அளவுக் கிணற்றின் 10 நாள் சராசரி மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 660 அடிக்குக் குறைந்தால் முதல் கட்டக் கட்டுப்பாடு தொடங்குகிறது. எந்தக் கட்டம் நடக்கிறது என்று பார்த்துவிட்டு வாளியை எடுங்கள். மழைக்குப் பேர்போன நியூ ஜெர்சியிலும் 2024 நவம்பரில் வறட்சி எச்சரிக்கை வந்தது.

இந்தக் கறையின் பேரில் நம்மவர்கள் அதிகம் பணம் இழப்பது டீலரின் மேசையில்தான். புதுக் கார் வாங்கும்போது செராமிக் கோட்டிங் போட்டால் தண்ணீர்க் கறையே வராது என்பார்கள். அது உண்மையல்ல. கோட்டிங் போட்ட பெயின்ட்டில் தண்ணீர் உருண்டு திரளும், உருண்டை வெயிலில் காய்ந்தால் உப்பு ஒரே இடத்தில் செறிந்து படியும். கழுவுவது எளிதாகும் என்பது மட்டும் சரி. போடாவிட்டால் பெயின்ட் வாரன்ட்டி போய்விடும் என்று யாராவது சொன்னால், எழுதித் தரச் சொல்லுங்கள். குறிப்பிட்ட கம்பெனியின் பொருளையோ சேவையையோ காசு கொடுத்து வாங்கினால்தான் வாரன்ட்டி என்று நிபந்தனை போடுவதை 1975ஆம் ஆண்டின் மேக்னுசன்-மாஸ் சட்டம் தடுக்கிறது. அதே சமயம் கடின நீர்க் கறை, பறவை எச்சம், மரப்பிசின் இவற்றால் வரும் கெடுதலைப் பெரும்பாலான பெயின்ட் வாரன்ட்டிகள் ஏற்பதில்லை என்பதையும் அறிந்திருங்கள். டீலரின் கூடுதல் கட்டணங்களைக் கட்டுப்படுத்த மத்திய வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் கொண்டுவந்த விதியை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரியில் ரத்து செய்துவிட்டது. அதனால் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும் நாமே படித்தாக வேண்டும். வேண்டாததை அடித்துவிடச் சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு.

கழுவக் கொடுத்த இடத்தில் கீறலோ அமிலக் கறையோ விழுந்தால், அங்கிருந்து நகருமுன் படம் எடுங்கள், மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், வேறு கடையில் சரிசெய்யும் செலவுக்கு மதிப்பீடு வாங்குங்கள். "சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற பலகை ஒன்றே வழக்கை முடித்துவிடாது. நியூ ஜெர்சியில் நுகர்வோருக்குச் சட்டத்தில் தெளிவாக உள்ள உரிமையைப் பறிக்கும் அறிவிப்பை மாட்டி வைப்பதே 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி தவறு. டெக்சஸில் ஏமாற்று வணிகச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட, 60 நாள் முன்பே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், பில்லிங் தவறு குறித்த ஆட்சேபம் பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் போய்ச் சேர வேண்டும்.

சிறு வழக்கு மன்றத்தில் நியூ ஜெர்சியில் 5,000 டாலர் வரையும், கலிஃபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரையும் கேட்கலாம். டெக்சஸில் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 வரை கேட்கலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை, கலிஃபோர்னியாவில் விசாரணைக்கு வக்கீல் வரவும் கூடாது. விசாவில் இருப்பவர்கள் இதற்கெல்லாம் போனால் குடியேற்ற விவகாரத்தில் சிக்கல் வருமோ என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். வழக்குத் தொடுக்கக் குடியுரிமை தேவையில்லை. எச்-1பியில் இருப்பவரும், அவருடைய மனைவியோ கணவரோகூட, தம் பெயரில் இருக்கும் காருக்காக நேரில் போய் மனு கொடுக்கலாம்.