போயிட்டு வரேன்: விடுப்பு மடலும் அதில் நகைச்சுவையும்

கடையைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகிற வியாபாரி, கதவில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டுப் போவது நம்மவர் வழக்கம். “குடும்ப விசேஷம். வியாழன் வரை கடை விடுமுறை. அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் விசாரிக்கவும்.” மூன்றே வரிதான். வெயிலில் நடந்து வந்த வாடிக்கையாளருக்கு வேண்டிய மூன்று விவரமும் அதில் இருக்கும். கதவு ஏன் பூட்டியிருக்கிறது, எப்போது திறக்கும், அதுவரை யாரைக் கேட்பது?

மும்பை, தில்லி, பெங்களூரு என்று அலுவலகங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகளும் மருமக்களும் இதே அட்டையை மின்னஞ்சலில் தொங்கவிட்டுத்தான் ஊருக்குப் போகிறார்கள். ‘அவுட் ஆஃப் ஆபீஸ்’ என்று அதற்குப் பெயர். கணினி நமக்குப் பதிலாகத் தானே அனுப்பும் மடல் அது. இக்கட்டுரையில் ‘விடுப்பு மடல்’ என்று சொல்லிக்கொள்வோம். இதிலே கொஞ்சம் நகைச்சுவை சேர்த்து எழுதுவது இப்போது பரவலாக இருக்கிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் நகைச்சுவையை எந்த இடத்தில் வைப்பது, யாரைப் பற்றி வைப்பது என்று யோசிக்காமல் எழுதினால், வேலையும் கெடும், உறவும் கெடும்.

பழைய விடுப்பு மடல் ஒன்று

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், 1983இல் எரிக் ஆல்மன் என்பவர் ‘வெக்கேஷன்’ என்றொரு மென்பொருளை உருவாக்கினார். ‘செண்ட்மெயில்’ என்ற புகழ்பெற்ற அஞ்சல் மென்பொருளை எழுதியவரும் அவரே. வெக்கேஷன் கையேட்டில் ஒரு மாதிரி மடலும் கொடுக்கப்பட்டிருக்கிறது. இன்ன தேதி வரை விடுமுறை, அவசரமானால் இன்னாரைத் தொடர்புகொள்ளவும், அவ்வளவுதான் அதன் உள்ளடக்கம். வேடிக்கை எங்கே என்றால், மேலே உள்ள தலைப்பு வரிகளில் ஒன்றில் இருக்கிறது. வெக்கேஷன் மென்பொருளின் ‘திருவருளால்’ இம்மடல் கொண்டுவந்து சேர்க்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி!

பாருங்களேன், இந்தக் கலையின் இலக்கணம் அந்த ஒரு மாதிரியிலேயே அடங்கிவிட்டது. செய்தி செய்தியாக இருக்கிறது. சிரிப்பு அதன் குறுக்கே வந்து நிற்கவில்லை. சிரிக்கப்படுவதும் அந்த இயந்திரந்தான், மடல் அனுப்பிய மனிதர் அல்லர்.

சிரிப்பு வந்தது, சரக்கு வரவில்லை

பாத்திர வியாபாரத்தில் பல வருஷம் இருந்தவன் என்ற முறையில் ஓர் அனுபவம். ஒரு கல்யாண வீட்டார் தாம்பூலப் பைக்கு 300 பித்தளைக் கிண்ணங்கள் கேட்டார்கள். மணமக்கள் பெயர் பொறிக்க வேண்டும். முகூர்த்தத்துக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. வடக்கே உள்ள ஓர் உற்பத்தியாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநிமிஷம் பதில் வந்தது. தாம் கடற்கரையில் இருப்பதாகவும், நம் கடிதத்தை அங்குள்ள நண்டுகள் பரிசீலிக்கும் என்றும் எழுதியிருந்தார். திரும்பும் தேதி கிடையாது. வேறு ஆள் பெயர் கிடையாது. தொலைபேசியும் அடித்து ஓய்ந்தது.

வேறு நாளாயிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்றைக்குப் பெண்ணைப் பெற்றவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். “என்ன சொல்றாங்க?” என்று கேட்கிறார். நண்டு என்றா சொல்வது? கிண்ணத்தை வேறிடத்தில் வாங்கிக் கொடுத்தோம். அதற்கடுத்த கொள்முதல்களும் அந்த வேறிடத்துக்கே போயின.

நகைச்சுவை தப்பு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த மடலில் ஒரு தேதியும் ஒரு பெயரும் இருந்திருந்தால், நண்டு இருந்துவிட்டுப் போகட்டுமே! நேரில் பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றிக்கொள்கிறோம். விடுப்பு மடலுக்கு அந்த வசதி இல்லை. கல்யாண வீட்டாருக்கும் கடன் கேட்பவருக்கும் துக்கச் செய்தி சொல்பவருக்கும் அது ஒரே பதிலைத்தான் அனுப்பும்.

தொல்காப்பியர் சொன்ன நால்வகை நகை

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைக்கிறது. அந்த நகை பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இந்த நான்கையும் விடுப்பு மடலுக்குப் பொருத்திப் பார்த்தால், எது உதவும், எது உதவாது என்பது விளங்கிவிடும்.

எள்ளல் என்பது இகழ்ந்து சிரிப்பது. மேலதிகாரியையோ, சக ஊழியரையோ, மடல் அனுப்பியவரையோ கேலி செய்வது இதில் அடங்கும். “என் மேலாளர் தொல்லையிலிருந்து பத்து நாள் விடுதலை” என்று எழுதினால், அந்த மேலாளருக்கே முதல் பிரதி போய்ச் சேரும். எனவே எள்ளல் வேண்டாம். நம்மவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிமாநிலத்தில் இருந்துகொண்டு, நம் மொழியையும் சாப்பாட்டையும் நாமே கிண்டல் செய்து எழுதிக் கொடுத்தால், நாளைக்கு அந்த அலுவலகத்தில் சேரப்போகும் இன்னொரு தமிழ்ப் பிள்ளை அதைச் சுமக்க வேண்டிவரும்.

இளமை என்பது பிள்ளைத்தனம். பாட்டி வீட்டுக்குப் போகிற குதூகலத்தைச் சொல்வது போன்றது. இது யாரையும் புண்படுத்தாது.

பேதைமை என்பது அறியாமை. நம்முடைய அறியாமையை நாமே சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது வேலையைப் பற்றிய அறியாமையாக இருக்கக் கூடாது. “எனக்கு மாடு கறக்கத் தெரியாது” என்றால் சிரிப்பார்கள். கணக்காளர் ஒருவர் “எனக்குக் கணக்கு வராது” என்று எழுதினால் யார் சிரிப்பார்கள்?

மடன் என்பது, சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு விடாமலிருப்பது. இதுதான் விடுப்பு மடலுக்கு மிகப் பொருத்தம். ஏனென்றால் அந்த மென்பொருளின் குணமே அதுதான். பாவம், சொன்னதையே சொல்லும். அதை வைத்துச் சிரிக்கலாம், யாருக்கும் வலிக்காது.

மூன்று மாதிரிகள்

முதலில் எலும்புக்கூடு. எல்லாருக்கும் எப்போதும் பொருந்துவது:

“வணக்கம். உங்கள் மடல் வந்து சேர்ந்தது. மே 12, திங்கள் முதல் மே 20, செவ்வாய் வரை விடுப்பில் இருக்கிறேன். மே 21, புதன் காலை பணிக்குத் திரும்புகிறேன். அதற்குள் தேவைப்படுவோர் என் பிரிவின் பொது எண்ணில் அழைக்கவும்.”

‘வந்து சேர்ந்தது’ என்றுதான் எழுதியிருக்கிறோம். ‘படித்தேன்’ என்று எழுதக் கூடாது. நாம்தான் படிக்கவில்லையே! தேதியிலும் கவனம் வேண்டும். 5/6 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிட்டால் குழப்பமில்லை.

இந்த எலும்புக்கூட்டின் கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். இளமை வகையில்:

“எங்கள் ஊர் வீட்டில் மொட்டைமாடியின் ஒரே ஒரு மூலையில்தான் சிக்னல் கிடைக்கும். இப்போது அந்த மூலையில் பாட்டியின் வடாம் காய்கிறது. வடாம் எடுக்கும்வரை அங்கே போக எனக்கு அனுமதி இல்லை.”

மடன் வகையில்:

“இந்தப் பதிலை அனுப்புவது கணினி. அதற்கு இந்த ஒரு பதில்தான் தெரியும். நீங்கள் எப்படிக் கேட்டாலும் இதையேதான் சொல்லும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.”

முதல் வாக்கியம், நீங்கள் தொடர்பில் இருக்க மாட்டீர்கள் என்ற செய்தியையும் சிரித்தபடியே சொல்லிவிடுகிறது. இரண்டாவது, மீண்டும் மீண்டும் எழுதிப் பயனில்லை என்று தெரிவித்துவிடுகிறது. சிரிப்பும் வேலை செய்யவேண்டும். வேலை செய்யாத சிரிப்பு மிகையாகிவிடும்.

சிரிப்பு வேண்டாத நேரம்

மருத்துவ விடுப்பு, வீட்டில் துக்கம், நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடக்கும் சமயம், பாக்கி வசூல், குறைகேட்புப் பிரிவு: இங்கெல்லாம் எலும்புக்கூடு மட்டும் போதும். மருத்துவமனைப் பணியில் இருப்போரும் அப்படியே.

வேறொரு எச்சரிக்கை. குடும்பத்தோடு பத்து நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறோம் என்ற விவரம் முன்பின் தெரியாதவருக்கு எதற்கு? பல அலுவலக அஞ்சல் அமைப்புகளில், உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு மடலும் வெளியாருக்கு வேறு மடலும் வைக்க வசதி உண்டு. வடாம் கதை உள்ளே இருப்பவர்களுக்கு, வெளியாருக்குத் தேதியும் எண்ணும் மட்டும். ஜிமெயிலில், நம் தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டுமே பதில் போகும்படி அமைக்கலாம். அதிலே ஒரே ஆள் மறுபடி எழுதினால், நான்கு நாள் கழிந்த பிறகுதான் மீண்டும் பதில் போகும். எவ்வளவு நல்ல வேடிக்கையும் மூன்றாம் தடவை புளித்துப்போகும் என்பதை நினைவில் வைத்து எழுதவேண்டும்.

எந்த மொழியில்?

2008இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், ஸ்வான்சி நகராட்சிக்கு ஒரு சாலைப் பலகை தேவைப்பட்டது. கனரக வாகனங்கள் நுழையக் கூடாது என்ற ஆங்கில வாசகத்தை வெல்ஷ் மொழியில் பெயர்க்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினார்கள். உடனே வெல்ஷ் மொழியில் பதில் வந்தது. அதை அப்படியே பலகையில் எழுதிச் சாலையோரம் நட்டுவிட்டார்கள். வெல்ஷ் தெரிந்தவர்கள் படித்துப் பார்த்தால், “நான் இப்போது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பிவைக்கவும்” என்ற பொருளில் இருக்கிறது! மொழிபெயர்ப்பாளரின் விடுப்பு மடல் அது.

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், சிறுபான்மை மொழி பேசுகிற நமக்கு இதில் பாடம் உண்டு. நம் சங்கங்களின் அலுவலக முகவரிக்குத் தமிழில் விடுப்பு மடல் வைப்பது மகிழ்ச்சிதான். கூடவே ஆங்கிலத்திலோ உள்ளூர் மொழியிலோ அதே செய்தியை எழுதிவிட வேண்டும். அலுவலகத்திற்கு ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகள் ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்ற தொடரைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். அது நம் நாட்டு ஆங்கிலம். வெளிநாட்டார் படித்தால், இவர் ஏதோ ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கிறார் என்று நினைத்துக்கொள்ளக்கூடும்.

போகுமுன்னும் வந்தபின்னும்

போகும் முன்னே மூன்று காரியம். யார் பெயரை அல்லது எண்ணைக் கொடுக்கிறீர்களோ அவரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். வேறொரு முகவரியிலிருந்து உங்களுக்கே ஒரு மடல் அனுப்பி, என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். அதைப் படிக்கும்போது, அவசரத்தில் இருக்கும் ஒருவர் படிப்பதாக நினைத்துக்கொண்டு படியுங்கள். திரும்பி வந்த அன்றே அதை அணைத்தும் விடுங்கள். மேஜையில் உட்கார்ந்திருப்பவர் பெயரில் ‘விடுப்பில் இருக்கிறேன்’ என்று பதில் போனால், அந்த மடனுக்கு இயந்திரம் மட்டும் பொறுப்பல்ல!

நம் வீடுகளில் வாசற்படி தாண்டும்போது “போறேன்” என்று யாரும் சொல்ல விடமாட்டார்கள். “போயிட்டு வரேன்னு சொல்லு” என்று திருத்துவார்கள். போகிற சொல்லிலேயே திரும்பி வருவதும் இருக்கவேண்டும் என்பது நம் வழக்கு. விடுப்பு மடலுக்கும் அதுவே விதி. வரும் தேதியைச் சொல்லுங்கள், அதுவரை பார்த்துக்கொள்பவரைச் சொல்லுங்கள். அதன் பிறகு இடம் இருந்தால் சிரிக்க வையுங்கள்.