வயல்நீரும் மூளைக்காய்ச்சலும்

கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டிய தா.பழூர் போன்ற நெல் விளையும் வட்டாரங்களில், நடவு முடிந்து நீர் தேங்கிய வயலில் தூர்களுக்கிடையே புழுவாக நெளிந்து வளரும் க்யூலெக்ஸ் வகைக் கொசுக்களே, மூளைத் திசுவை வீங்கச் செய்யும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பக்கூடியவை. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1955இல் வேலூரில் கண்டறியப்பட்டது.

கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் பெருகும் இந்த வைரஸ் கொசுக்கடியால் மனிதரை அடைகிறதேயன்றி, மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே, தட்டம்மையைப் போலன்றி, அண்டை வீட்டுப் பிள்ளைக்குப் போட்ட தடுப்பூசி தன் பிள்ளையைக் காக்காது என்பதைப் பெற்றோர் அவசியம் உணர வேண்டும். நோய் நிலவும் மாவட்டங்களில் 9 மாதம் நிறைந்ததும் முதல் தவணையும், 16 முதல் 24 மாதங்களுக்குள் இரண்டாம் தவணையும் அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகின்றன.

கை கழுவும் பழக்கம் பல நோய்களைத் தடுத்தாலும் இதைத் தடுக்காது. பன்றிக்கொட்டிலைக் குடியிருப்பிலிருந்து விலக்கி வைப்பதும், அந்தி சாய்ந்தபின் குழந்தைகளைக் கொசுவலைக்குள் உறங்கச் செய்வதுமே இங்குப் பயன்தரும் சுகாதாரம். மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தின் அறிஞர்கள், வயலை விட்டுவிட்டுக் காயவைத்துப் பாய்ச்சும் முறையையும் ஆராய்ந்தனர். புழு கொசுவாகுமுன் சேறு உலர்ந்தால் அது மடியும் என்றாலும், வடிகால் சரியில்லாத வயலில் குளம்படிக் குழியொன்றில் தேங்கிய நீரே அதற்குப் போதுமானது.