பட்டமா, டிப்ளோமாவா, சான்றிதழா? தெரிவு செய்யுமுன் ஒரு குடும்பம் அறிய வேண்டியவை

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் எமது பங்குகளிலும், சொந்தக் காணிக்கு இன்னும் திரும்ப முடியாத குடும்பங்கள் வாழும் குடியிருப்புகளிலும் ஒரே கேள்விதான் எழுகிறது: "பிள்ளையை அடுத்து எங்கே படிக்க விடுவது?" சிலருக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும், பலருக்குக் கிடைக்காது. கிடைக்காதவர்களின் வாசலுக்குத்தான் நகரத்துத் துண்டுப்பிரசுரங்கள் முதலில் வந்து சேர்கின்றன. ஆறு மாதத்தில் டிப்ளோமா, ஒரு வருடத்தில் வெளிநாட்டுப் பட்டம், வேலை நிச்சயம் என்றெல்லாம் அவை சொல்கின்றன.

சொந்தக் காணியில் விதைப்பவருக்கு ஒரு போகம் அழிந்தால் அடுத்த போகம் இருக்கிறது. குத்தகைக் காணியில், கடன் பட்ட விதைநெல்லோடு விதைப்பவருக்கு அந்த ஆறுதல் இல்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 2007இல் முள்ளிக்குளத்திலிருந்தும், 2009 வரை வன்னியெங்கும் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. 2021இல் இரசாயன உரத்திற்கு வந்த தடையும், 2022இன் பொருளாதார நெருக்கடியும் பலரைப் பழைய கடனுக்கு மேல் புதிய கடனில் தள்ளின. இந்நிலையில் பிள்ளையின் படிப்புக்கென அடகுக்குப் போகும் நகை, பெரும்பாலும் அந்த வீட்டின் கடைசி நகையாகவே இருக்கும். கல்வி எவரும் பறிக்க முடியாத சொத்து என்று எமது முன்னோர் சொன்னது உண்மையே. ஆனால், முத்திரை குத்திய கடதாசிகள் எல்லாம் கல்வியாகிவிட மாட்டா. எனவே, எந்தக் கற்கைநெறி எதைத் தருகிறது, எதைத் தராது என்பதை இங்கே ஒழுங்காகப் பார்ப்போம்.

அளவுகோல் ஒன்று உண்டு

நெல்லை மூடையாகவும் புசலாகவும் அளக்கிறோம். கல்வியை அளக்கவும் நாட்டில் ஓர் அளவுகோல் இருக்கிறது. 2012இல் அறிமுகமான இலங்கைத் தகைமைகள் சட்டகம் என்பதே அது. அதன்படி 50 மணித்தியாலக் கற்றல் ஒரு 'கிரெடிற்' ஆகும். விரிவுரை, செய்முறை, வீட்டில் படிப்பது, பரீட்சை எல்லாம் இந்த 50 மணித்தியாலத்துக்குள் அடங்கும். ஒரு முழுநேரக் கல்வியாண்டு 30 கிரெடிற், அதாவது 1500 மணித்தியாலம். டிப்ளோமாவுக்கு 30, உயர் டிப்ளோமாவுக்கு 60, சாதாரண பட்டத்துக்கு 90, சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிற் வேண்டும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், சனி ஞாயிறு நாட்களில் மட்டும் ஆறு மாதம் நடக்கும் வகுப்பு முழு டிப்ளோமாவாக முடியுமா என்பதை நீங்களே கணக்குப் பார்க்கலாம். வாரத்துக்கு எட்டு மணித்தியாலமாக 26 வாரம் படித்தால் 208 மணித்தியாலம். வீட்டில் அதைப்போல் இரண்டு மடங்கு படித்தாலும் 624 மணித்தியாலம்தான். 1500 எங்கே, 624 எங்கே!

பட்டம்: பெரிய கதவு, நீண்ட வழி

அரச பல்கலைக்கழகப் பட்டம் மூன்று அல்லது நான்கு வருடப் படிப்பு. கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, புத்தகம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். 1981இல் உருவான மகாபொல புலமைப்பரிசிலும் ஏனைய நிதியுதவியும் தகுதியுள்ளவர்களுக்குக் கிடைக்கும். அவை செலவின் ஒரு பகுதியைத்தான் தாங்கும். உழைக்கும் வயதுப் பிள்ளை நான்கு வருடம் உழைப்பின்றி இருப்பதும் குடும்பத்துக்கு ஒரு செலவே என்பதை மறக்கக்கூடாது.

கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. வடக்கு கிழக்கின் எட்டு மாவட்டங்களும் அந்தப் பதினாறில் அடங்கும். உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடம் பிள்ளை எந்த மாவட்டத்தில் படித்தது என்பதை வைத்தே மாவட்டம் தீர்மானிக்கப்படுகிறது. அடிக்கடி இடம்மாறிய குடும்பங்கள் ஒவ்வொரு பாடசாலையின் விடுகைப் பத்திரத்தையும் பிறப்புச் சான்றிதழைப்போல் பத்திரப்படுத்த வேண்டும்.

விவசாயம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு எமது பகுதியிலேயே வாய்ப்பு இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரினால் உங்களைப்போலவே இடம்பெயர்ந்து, பின்னர் கிளிநொச்சி அறிவியல் நகருக்குத் திரும்பியது. வந்தாறுமூலையில் 1986இல் உருவான கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் விவசாய பீடம் உண்டு. இவை ஆங்கில மொழிமூலக் கற்கைகள்; உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் நல்ல பெறுபேறு வேண்டும். 2013இல் பாடசாலைகளில் தொடங்கிய தொழினுட்பப் பிரிவில், உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் படித்தவர்களுக்கும் பல்கலைக்கழக வழி திறந்திருக்கிறது.

பட்டம் ஆசிரியர் சேவை, விவசாயச் சேவை, ஆராய்ச்சி முதலிய கதவுகளைத் திறக்கும். ஆயினும் கதவு திறந்ததும் வேலை காத்திருக்கும் என்று எண்ணக்கூடாது. 2017இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரத்தில் கொட்டகை போட்டு நாட்கணக்கில் இருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

துணைப்பாடம் என்பது என்ன?

சில விளம்பரங்களில் 'மைனர்' என்ற சொல்லைக் காணலாம். இது தனிப் பட்டமும் அல்ல, தனிச் சான்றிதழும் அல்ல. பட்டத்துக்கான பிரதான பாடத்தோடு, வேறொரு துறையிலும் குறிப்பிட்ட அளவு கற்றிருப்பதையே அது காட்டும். விவசாயம் பிரதான பாடமாகவும் கணக்கியல் துணைப்பாடமாகவும் படித்த ஒருவர் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியின் விவசாயக் கடன் பிரிவிலோ கூடுதல் பயன்படுவார். துணைப்பாடத்தின் பயன் அவ்வளவே. பட்டத்தை இடையில் கைவிட்டால் துணைப்பாடம் கையில் நிற்காது. எனவே, 'இரண்டு தகைமை ஒரே கட்டணத்தில்' என்று எவராவது சொன்னால், "இரண்டுக்கும் தனித்தனியே சான்றிதழ் தருவீர்களா, யார் கையொப்பமிடுவார்?" என்று கேளுங்கள்.

சான்றிதழும் டிப்ளோமாவும்

தொழிற்கல்விக்குத் தனியான ஓர் ஏணி உண்டு. தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ., ஏழு படிகளைக் கொண்டது. முதல் நான்கு படிகள் சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்குச் சமம். நான்காம் படியை முடித்தவர் மேற்பார்வையின்றித் தானே அத்தொழிலைச் செய்யக்கூடியவர் என்று கொள்ளப்படுகிறார்.

சான்றிதழ்க் கற்கைகள் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் முடியும். தமிழில் படிக்கலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா, தொழினுட்பக் கல்லூரிகள் ஆகியவற்றின் நிலையங்கள் மாவட்டந்தோறும் உள்ளன. 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழினுட்பம், உணவுத் தொழினுட்பம், மின்சாரம் போன்ற துறைகள் கற்பிக்கப்படுகின்றன. லான்ட்மாஸ்ரரும் நீர்ப்பம்பியும் பழுதுபட்டால் நகரத்துக்கு ஏற்றிச்செல்லும் ஊரில், அவற்றைத் திருத்தத் தெரிந்த பிள்ளைக்கு வேலை தேடி அலையும் நிலை வராது.

விவசாயத் திணைக்களத்தின் விவசாயப் பாடசாலைகள் டிப்ளோமா வழங்குகின்றன. அவற்றில் ஒன்று வவுனியாவில் இருக்கிறது. உங்கள் ஊருக்கு வரும் விவசாயப் போதனாசிரியர்களில் பலர் இந்த டிப்ளோமா வழியாக வந்தவர்களே. பட்டத்துக்கு இடம் கிடைக்காத விவசாயியின் பிள்ளைக்கு இது இரண்டாந்தரத் தெரிவு அல்ல. விவசாயத்தோடு நெருங்கி வாழ நினைப்பவருக்கு முதல் தெரிவாகவும் இருக்கலாம்.

ஏணியில் இடையிலும் ஏறலாம்

எமது மக்களிடம் ஒரு பிழையான எண்ணம் உண்டு. உயர்தரத்தில் தவறினால் கல்வியின் கதவு அடைபட்டது என்பதே அந்த எண்ணம். அது உண்மையல்ல. என்.வி.கியூ. நான்கு முடித்தவர் ஐந்துக்கும் ஆறுக்கும் போகலாம். அதற்கு மேல், 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இரத்மலானையில் அமைந்த 'யுனிவொடெக்' எனப்படும் தொழினுட்பப் பல்கலைக்கழகம் இத்தகையோருக்குப் பட்டம் வழங்குகிறது. உழைத்துக்கொண்டே படிக்க விரும்புவோருக்கு, 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதன் நிலையங்கள் உள்ளன. அங்கு கட்டணம் உண்டு. ஆனால் வயலையும் வீட்டையும் விட்டுப் போக வேண்டியதில்லை.

இன்றே உழைக்க வேண்டிய குடும்பத்துக்குச் சான்றிதழ் முதற்படியாகலாம். மூத்த பிள்ளை ஒரு வருடத்தில் தொழில் கற்று உழைத்தால், அடுத்த பிள்ளை நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் இருக்க முடியும். மூத்தவரும் பின்னர் மேற்படிக்கு ஏறலாம். பெற்றோர் இதை முதலிலேயே இரு பிள்ளைகளோடும் பேசித் தீர்மானிக்க வேண்டும். மூத்தவரின் தியாகம் சொல்லப்படாமல் மறைந்துபோனால் பின்னாளில் அது வீட்டுக்குள் மனத்தாங்கலாக முளைக்கும். பெண்பிள்ளை என்பதற்காகத் தூரப் படிப்பை மறுக்குமுன், தங்குமிடம் பற்றி விசாரியுங்கள். பங்குத்தந்தை வழியாகவோ அருட்சகோதரிகள் வழியாகவோ கேட்டறியலாம்.

பெற்றோரே, உங்களுக்கும்

இருபது வருடம் மேசன் வேலை செய்த தகப்பனுக்கும், தையல் செய்து குடும்பத்தைத் தாங்கிய தாய்க்கும் கையில் சான்றிதழ் எதுவும் இல்லாதிருக்கலாம். முன்பு கற்ற திறனை மதிப்பிட்டு என்.வி.கியூ. வழங்கும் முறை நடைமுறையில் உள்ளது. மதிப்பிடுபவர் முன்னிலையில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். வகுப்புக்கு வருடக்கணக்கில் போகத் தேவையில்லை. தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் நைட்டாவிலும் இதற்கு விண்ணப்பிக்கலாம். போரில் உடைமைகளை இழந்தாலும் உங்கள் கைத்திறன் உங்களோடுதான் வந்தது. அதற்கு நாட்டின் அங்கீகாரத்தைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

பணம் கட்டுமுன்

கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் கற்பித்தார். பிள்ளையின் படிப்புக்கும் அது பொருந்தும். குடும்பமாக உட்கார்ந்து பின்வரும் கேள்விகளுக்கு விடை தேடுங்கள்.

1. சான்றிதழை வழங்குவது யார்? தொழிற்கல்வி நிறுவனம் என்றால், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுபெற்றதா? பட்டம் என்றால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறதா? நிறுவனம் மட்டுமல்ல, குறித்த கற்கைநெறியும் அங்கீகாரம் பெற்றதா என்றும் பாருங்கள்.

2. எந்தப் படி? எத்தனை கிரெடிற், அல்லது எத்தனையாம் என்.வி.கியூ. என்பதை எழுத்தில் கேளுங்கள்.

3. மொத்தச் செலவு எவ்வளவு? பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், தங்குமிடம், பஸ் காசு, உழைப்பின்றிப் போகும் காலம் எல்லாவற்றையும் கூட்டுங்கள்.

4. இடையில் நின்றால் கையில் என்ன மிஞ்சும்? வீட்டில் நோய் வரலாம், மீள்குடியேற்றத்துக்கு அழைப்பு வரலாம். ஒவ்வொரு படியிலும் சான்றிதழ் கிடைக்கும் கற்கைநெறி இத்தகைய குடும்பங்களுக்குப் பாதுகாப்பானது.

5. பிள்ளைக்கு இதில் விருப்பம் உண்டா? அயல்வீட்டுப் பிள்ளை படிப்பதால் படிப்பது போதாது.

இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை காணி உறுதியையோ நகையையோ அடகு வைக்க வேண்டாம். இன்று மாலையே கட்டினால் சலுகை என்று அவசரப்படுத்துபவரிடம் நாளை வருகிறோம் என்று சொல்லுங்கள். பிரதேச செயலகத்திலுள்ள மனிதவலு உத்தியோகத்தரிடமோ, பாடசாலை அதிபரிடமோ துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எமது பங்குப் பணிமனைகளுக்கும் கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.

பட்டம் பெற்ற பிள்ளையைப் பங்கில் மாலையிட்டு வரவேற்கிறோம். அது நல்ல வழக்கம். பம்பி திருத்தும் சான்றிதழோடும், விவசாய டிப்ளோமாவோடும் ஊருக்குத் திரும்பும் பிள்ளைக்கும் அதே மாலையை இட வேண்டும். நாளை எமது காணிகள் திரும்பக் கிடைக்கும்போது, பற்றை மண்டிய அந்த நிலத்தைத் துப்புரவாக்கி, கிணற்றை இறைத்து, மண்ணைப் பரிசோதித்து, கணக்கு எழுதி, விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல இவர்கள் எல்லோரும் எமக்குத் தேவைப்படுவார்கள்.