மார்கழிப் பனியும் மல்லிக் காடும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் கரிசல் காடுகளில் ஐப்பசி மழையை நம்பி விதைக்கப்படும் மல்லி (கொத்தமல்லி), மழை ஓய்ந்த பின்னும் மார்கழி முழுவதும் பசுமை குன்றாமல் நின்று தை, மாசியில் அறுவடைக்கு வருவதால், அது பனியைக் குடித்தே விளைகிறது என்னும் பேச்சு பரவலாக உள்ளது. அட்லாண்டிக் பெருங்கடலின் லான்சரோட்டி தீவில், ஆண்டுக்குச் சுமார் 150 மில்லிமீட்டர் மழையே பெய்யும் நிலத்தில், எரிமலைச் சரளையில் குழி பறித்துத் திராட்சை வளர்க்கும் பண்ணைகளைப் பற்றியும் இதே பேச்சு உண்டு. பனி ஓர் இரவில் உண்மையில் எவ்வளவு நீர் தரும் என்பதைக் கணக்கிட்டால் இந்தக் கதையின் வலிமை தெரிந்துவிடும்.

பனி வானத்திலிருந்து விழுவதில்லை; காற்றில் கலந்துள்ள நீராவி, தன்னைவிடக் குளிர்ந்த பரப்பின் மீது படிந்து துளியாகிறது. காற்றைவிட இலை குளிர்வது எப்படி என்பதே இதில் வியப்புக்குரிய பகுதி. எல்லாப் பொருள்களும் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றுள் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களைக் காற்று பெரும்பாலும் தடுப்பதில்லை என்பதால், தெளிந்த இரவில் அந்த வழியாக இலையின் வெப்பம் நேரே விண்வெளிக்குப் போய்விடுகிறது. வெப்பத்தைப் பணமாகக் கொண்டால், இலை இரவெல்லாம் செலவழிக்கும் குடும்பம்; தெளிந்த வானம் வாங்கியதைத் திருப்பித் தராத கடை; மேகமூட்டம் வாங்கியதில் பெரும்பகுதியை உடனே திருப்பிக் கொடுத்துவிடும் கடை; வீசும் காற்று கேளாமலே கைமாற்றுத் தந்து குடும்பத்தை நொடிக்க விடாத அண்டை வீடு; கெட்டியான கல் தலைமுறைச் சேமிப்பு உள்ள பெரிய வீடு, மெல்லிய இலையோ அன்றாடங்காய்ச்சி. கையிருப்பு விரைவில் தீரும் வீட்டில்தான் பனி படியும். அதனால்தான் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் மல்லி இலை நனைந்திருக்க, வரப்புக் கல் காய்ந்தே கிடக்கிறது.

இந்தக் குடும்பத்துக்கு எதிர்பாராத வரவும் ஒன்று உண்டு. ஒரு கிலோகிராம் நீராவி துளியாக மாறும்போது சுமார் 2,450 கிலோஜூல் வெப்பம் வெளிப்பட்டு இலையையே சூடாக்குகிறது என்பதால், பனி படியப் படிய அடுத்த துளி படிவது கடினமாகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பு தெளிந்த இரவில் இழக்கும் நிகர வெப்பம் 100 வாட்டைத் தாண்டுவது அரிது; அதிலும் ஒரு பகுதியைக் காற்று ஈடுசெய்துவிடுகிறது. எனவே ஓர் இரவுப் பனியின் உச்சவரம்பு ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் எனக் கொள்ளப்படுகிறது. நடைமுறையில் கிடைப்பது பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரையே.

பனிக்கு முன்பே பொருள் குளிர்கிறது, குளிர்ச்சியே பனிக்குக் காரணம் என்பதை லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் கம்பளித் துணுக்குகளை எடைபோட்டுக் காட்டி 1814இல் வெளியிட்டார். அதற்குப் பிறகும், கிரிமியாவின் பியோதோசியாவில் இருந்த பழங்காலக் கற்குவியல்களைப் பனிநீர் சேகரிப்பிகள் என்று நம்பிய சீபோல்ட் என்னும் வனவியலாளர் 1912இல் பெரியதொரு கற்குவியலை எழுப்பினார். அந்தப் பழைய குவியல்கள் கல்லறைகள் என்று பின்னர் தெரியவந்தது.

அப்படியானால் மல்லிக்கு நீர் தருவது எது? கரிசலின் நுண்ணிய களித்துகள்கள் ஏடுகளாக அடுக்கப்பட்டவை. ஏடுகளுக்கிடையே நீர் புகுந்ததும் மண் உப்பி, ஒரு மீட்டர் ஆழத்தில் செடி உறிஞ்சத்தக்க நீராக 150 முதல் 200 மில்லிமீட்டர் வரை தேக்கிவைக்கிறது. களை கொத்தும்போது பொடியாகும் மேல்மண், அடி ஈரம் ஆவியாகாமல் காக்கும் மூடாக்காகிறது. 1730 முதல் 1736 வரை நடந்த எரிமலை வெடிப்புகள் லான்சரோட்டியில் பரப்பிய சரளையும் முதன்மையாக இதையே செய்கிறது: மழைநீரை உள்ளே விட்டு, வெயிலுக்குக் கொடுக்காமல் காக்கிறது.

பனிக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளன்று. விடியலில் இலைமேல் உள்ள நீர் ஆவியாகி முடியும்வரை செடியின் சொந்த நீரிழப்பு குறைகிறது. பனியால் வேறொரு பயனும் உண்டு: கொண்டைக்கடலைச் செடியின் சுரப்பி மயிர்கள் கசியும் மாலிக், ஆக்சாலிக் அமிலங்கள் பனியில் கரைந்து புளிப்பு நீராகின்றன. விடியலில் செடிகள்மேல் துணி விரித்துப் பிழிந்தெடுக்கும் கடலைப் புளிப்பு சித்த மருத்துவத்தில் பயன்படுகிறது. ஆனால் ஈரக்காற்றும் குளிரும் நீடிக்கும் நாட்களில் மல்லியில் சாம்பல் நோய் பரவக்கூடும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

60 இரவுகள் இடைவிடாமல் 0.2 மில்லிமீட்டர் பனி படிந்தாலும் மொத்தம் 12 மில்லிமீட்டர்தான். வளர்ந்த பயிர் அதை மூன்று நான்கு நாட்களில் செலவிட்டுவிடும், ஐப்பசியின் ஒரே ஒரு நல்ல மழை அதைப்போலப் பல மடங்கு தந்துவிடும். ஆகவே காற்றிலிருந்து நீர் எடுத்து வேளாண்மையை மாற்றிவிடுவோம் என்னும் விளம்பரங்களுக்குச் செவிசாய்க்கும் முன், கோடை உழவு, வரப்பு, பண்ணைக்குட்டை, கண்மாய்த் தூர்வாரல் ஆகியவற்றால் மழையை மண்ணுக்குள் இறக்கும் வேலைக்கே வானம் பார்த்த நிலத்தின் பணமும் உழைப்பும் செல்ல வேண்டும்.